பாஸ் கொடுக்காத சென்டர் பார்வர்டு

சில பொய்களுக்கு யாரும் சாட்சி கேட்பதில்லை. நேராக மைதானத்தில் இறக்கி விட்டுவிடுகிறார்கள். நான் சொன்ன பொய் அந்த வகை.

அறுபதுகளின் நடுவில் பர்மாவை விட்டுக் கப்பலேறிய தமிழ்க் குடும்பங்களில் ஏழெட்டு, திருத்தணிக்கு வந்து சேர்ந்தன. எங்களுடையது அதில் ஒன்று. எனக்கு இருபது வயது. ஊரில் எங்களுக்குத் தனித்தனிப் பெயர் கிடையாது; எல்லாரும் ‘பர்மாக்காரன்’தான். பர்மாக்காரன் என்றால் கால்பந்தில் புலி என்று எப்படியோ பேச்சு பரவியிருந்தது. எங்களில் மூன்று பேர் உண்மையிலேயே நன்றாக ஆடுவார்கள். நானோ ரங்கூன் மைதானத்தை வாசல்வரை மட்டும் அறிந்தவன். (அங்கே வேர்க்கடலை விற்றேன்.)

ஒருநாள் தறிக்காரத் தெருவிலிருந்து தனபால் தேடிக்கொண்டு வந்தான். என் வயதுதான்.

“கிளப்பு ஆரம்பிக்கலாம்னு கீறோம். எங்காளுங்க ஏழு பேரு, உங்காளுங்க நாலு பேரு. நீ எங்க ஆடுவ பாவா?”

(‘பாவா’ என்றால் மச்சான்; அந்தப் பக்கம் யாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.) வந்ததிலிருந்து எல்லாரும் எங்களுக்கு என்ன வேண்டும் என்றுதான் கேட்டார்கள். எனக்கு என்ன தெரியும் என்று கேட்ட முதல் ஆள் அவன். வாய் தானாகச் சொல்லிவிட்டது: “ரங்கூன்ல நான் சென்டர் பார்வர்டு.”

கிளப்புக்கு ‘ஐராவதி’ என்று எங்கள் பர்மா ஆற்றின் பெயரை வைத்தோம். (“பொம்பளப் பேரா கீதே” என்று தனபால் முனகினான்.) விளையாட இடம்தான் இல்லை. ஏரிக்கரையை ஒட்டிய மேய்ச்சல் நிலத்தைக் கேட்டோம். பஞ்சாயத்து மெம்பர் நிபந்தனை போட்டார்: “அரக்கோணத்து டீமக் கூப்ட்டு ஒரு மேட்ச்சு ஆடிக் காட்டுங்க. ஆட்டம் தெரியும்னா எடம் உங்களுது. இல்லன்னா மாட்டுக்கு.”

எனக்குப் பெரிய பயமில்லை. பர்மாவில் சின்லோன் என்று ஓர் ஆட்டம் உண்டு. ஆறு பேர் வட்டமாக நின்று, பிரம்புப் பந்தைக் கையால் தொடாமல், தரையில் விழவிடாமல் காலாலேயே தட்டிக்கொண்டிருப்பார்கள். அதில் நான் கெட்டிக்காரன். பந்து பந்துதானே என்று நினைத்தேன். சின்லோனில் எதிரணி கிடையாது, கோல் கிடையாது, ஜெயிப்பதும் தோற்பதும் கிடையாது என்ற சில்லறை வித்தியாசங்கள் எனக்கு அப்போது தோன்றவில்லை.

மேட்ச்சன்று ஊரே கூடிவிட்டது. ஐந்தாவது நிமிஷம் பந்து என்னிடம் வந்தது. கால் பெருவிரலால் தூக்கினேன். முழங்காலில் ஏந்தினேன். குதிகாலால் முதுகுக்குப் பின்னாலிருந்து தட்டி, மறுபடி முழங்காலுக்குக் கொண்டுவந்தேன். கூட்டம் கைதட்டியது. அரக்கோணத்துக்காரர்களே அசந்து நின்றார்கள். நான் தட்டுகளைப் பர்மா மொழியில் எண்ணவே ஆரம்பித்துவிட்டேன்.

“பாஸு! பாஸு பாவா!” என்று தனபால் கத்தினான். (பரீட்சையில் தேறிவிட்டேன் என்று பாராட்டுகிறான் என நினைத்து இன்னும் நான்கு தட்டு தட்டினேன்.)

அப்போது அரக்கோணத்து நெட்டையன் ஒருவன் நிதானமாக நடந்து வந்து, காற்றிலிருந்த பந்தைத் தலையால் எடுத்துக்கொண்டு ஓடினான். கோல்.

இப்படி ஒருமுறை நடந்தால் தவறு. எனக்கு மூன்று முறை நடந்தது. மூன்றாம் முறை அவர்கள் கோலுக்கு எதிரிலேயே நிற்கிறேன்; கோல்கீப்பர் சறுக்கி விழுந்து கிடக்கிறான்; நான் முழங்காலில் தட்டிக்கொண்டிருக்கிறேன். மெம்பர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

“யோவ், கோலு அங்க கீதுய்யா! அது நவுராது, நீதான் போவணும்!”

ஐந்துக்குப் பூஜ்யம். “மாடுங்களே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு மெம்பர் போய்விட்டார். எங்கள் பர்மா ஆட்கள் மூவரும் என் முகத்தைப் பார்க்காமல் நடந்தார்கள். அவர்கள் சம்பாதிக்க இருந்த நல்ல பெயரை நான் ஒரே மாலையில் உதைத்துத் தள்ளியிருந்தேன். தனபாலை நிறுத்தி உண்மையைச் சொன்னேன். ஆட்டமே தெரியாது; விற்றது வேர்க்கடலை.

“அது அஞ்சாவது நிமிசமே தெரிஞ்சிப்போச்சு” என்றான். “நாளைக்குக் காலைல வருவியா, மாட்டியா?”

“வருவேன்.”

போனேன். மறுநாளும் போனேன். விடிந்ததும் மலைக்கோயிலின் முந்நூற்று அறுபத்தைந்து படிகளையும் ஓடி ஏறினோம். முதல் வாரம் பாதியில் உட்கார்ந்த என்னை, பழனியிலிருந்து வந்த ஒரு பாட்டியம்மாள் தாண்டிப் போனார். இறங்கி வந்ததும் தறிக்காரத் தெருவிலேயே பயிற்சி. நான் பந்தை மூன்றாம் முறை தொட்டால் மீதிப் பத்துப் பேரும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிடுவார்கள். நான் கொடுத்தால்தான் எழுந்திருப்பார்கள். பத்து பேர் தெருப் புழுதியில் உட்கார்ந்து உங்களையே முறைத்துப் பார்க்கட்டும், எந்தப் பாடமும் ஏறும்.

நான்காம் மாதம் அரக்கோணத்தை மறுபடி அழைத்தோம். அதிலும் தோற்றோம், இரண்டுக்கு ஒன்று. ஆனால் அந்த ஒன்று, நான் பாஸ் கொடுத்துத் தனபால் போட்டது.

மெம்பர் துண்டை உதறித் தோளில் போட்டார். “தோத்துட்டீங்க. ஆனா ஆட்டம் கீது. மாட்ட வேற பக்கம் ஓட்டிக்கலாம்.”

அந்த நிலத்தில் ஐராவதி இருபது வருஷத்துக்கு மேல் ஆடியது. பின்னால் வந்த பையன்களில் எவன் பர்மா, எவன் தறி என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது. தனபாலின் தங்கையைத்தான் நான் கட்டிக்கொண்டேன். அவன் பேச்சுக்குச் சொன்ன ‘பாவா’ நிஜமாகிவிட்டது.

எண்பதுகளின் கடைசியில் என் மகளுக்குக் கல்யாணம். தாரை வார்க்கும் நேரம். அவள் கையைப் பிடித்தவன், மாப்பிள்ளை கையில் வைக்க முடியாமல் கண்கலங்கி நிற்கிறேன். ஐயர் இரண்டு தடவை சொல்லிவிட்டார். தாய்மாமனாகப் பக்கத்தில் நின்ற தனபால், மாப்பிள்ளையிடம் குனிந்து, எல்லார் காதிலும் விழும்படி சொன்னான்:

“இவரு குடுக்கமாட்டாரு மாப்ள. அரக்கோணத்துக்காரன் மாதிரி நீயே வந்து எடுத்துக்க.”

முதலில் சிரித்தது என் மகள்தான்.