நாலாம் நாள் வரைக்கும் சூரியன் இல்லை

எங்கள் பக்கத்தில் கிணறும் போர்வெல்லும் வைத்திருக்கிற அத்தனை பேரையும் ஒருவர் விடாமல் அழ வைத்த மனிதர் உண்டென்றால், அது வாடிப்பட்டி 'நாலாம் நாள்'தான். தண்ணீர் மோட்டாருக்குக் காயில் கட்டுவது, அதாவது கருகின செம்புக் கம்பியை உருவிவிட்டுப் புதுக் கம்பி சுற்றுவது, அவர் தொழில். கருகின மோட்டாரைக் கொண்டுபோய் இறக்கினால் "ரெண்டு நாள்ல தாரேண்ணே" என்பார். அந்த ரெண்டு நாள் முடிந்ததைக் கண்ணால் கண்டவர் எங்கள் தாலுகாவில் கிடையாது.

ஆனால் வேலை சுத்தம். அவர் கை பட்ட மோட்டார் லேசில் கருகாது. அதனால்தான் வயிற்றெரிச்சலோடு எல்லோரும் திரும்பத் திரும்ப அவரிடமே போனோம். தலையெழுத்து.

அவருக்கு அந்தப் பெயர் வர நானும் ஒரு காரணம். ஒரு கோடையில் என் கத்தரிச் செடிகள் தலை தொங்கிவிட்டன. நேராகப் போய் அவர் கடை வாசலில் நின்று கத்தினேன்.

"ஏப்பா, ரெண்டு நாள்னு சொல்லி ஒரு வாரம் ஓடிப்போச்சே?"

செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டே நிதானமாகக் கேட்டார். "அண்ணே, நாளுன்னா என்ன? சூரியன் உதிச்சு, மறுபடி உதிக்கிறதுதான?"

"ஆமா."

"பைபிள்ல மொதப் புஸ்தகம் ஆதியாகமம். அதுல ஆண்டவர் சூரியனைப் படைச்சது நாலாம் நாளு. அப்ப மொத மூணு நாளை எதை வச்சு அளந்தாக?"

நான் விபூதி பூசுகிற ஆள். எனக்கு எங்கே தெரியும்?

"அளக்க முடியாதுல்லண்ணே. அது லட்சம் வருசமாக்கூட இருக்கலாம். நம்ம ரெண்டு நாளும் அந்தக் கணக்குலதான் வருது."

என் கத்தரிக்கு ஆதியாகமம் தெரியாததால் அது பாட்டுக்குக் காய்ந்துவிட்டது. அடுத்த முறை நான் உஷார். "சூரியன் வந்து எம்புட்டோ காலமாச்சு, இப்பச் சொல்லு" என்றேன். அவர் அசரவில்லை. "வேதத்துல நாளே சாயங்காலத்துலதாண்ணே தொடங்குது. விடியக்காலம் அப்புறந்தான் வருது. நீங்க காலையில கொண்டாந்து எறக்கிட்டீக. கணக்கு இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே."

இதைக் கேள்விப்பட்ட சபை பாஸ்டர் கொதித்துப்போனார். 'நாள் என்றால் இருபத்துநாலு மணி நேரம்' என்று நாலாம் நாளை முன்வரிசையில் உட்கார வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பிரசங்கம் செய்தார். இவரும் பக்தியாக ஆமென் சொல்லிக் கேட்டுக்கொண்டார். அடுத்த மாதமே சபையின் போர் மோட்டார் கருகியது. ஞானஸ்நானத் தொட்டி வறண்டு கிடந்தது.

"எப்பப்பா தருவ?"

"ஒரு நாள் தாரேங்கய்யா."

பாஸ்டர் அதை ஒரே நாளில் என்று எடுத்துக்கொண்டு ஞானஸ்நானத்துக்குத் தேதி அறிவித்துவிட்டார். இவர் சொன்னதோ என்றைக்காவது ஒரு நாள். கடைசியில் வெள்ளை உடுப்போடு வந்தவர்களை வேன் பிடித்து வைகைக்குக் கூட்டிப்போனார்கள். அன்று மாலை பாஸ்டர் கடைக்கு வந்து, "லட்சம் வருசமாவே இருந்துட்டுப் போகட்டும்ப்பா, மோட்டாரை மட்டும் குடுத்துரு" என்று கெஞ்சியதை நான் என் காதால் கேட்டேன்.

இதையெல்லாம் சமாளித்தது அவர் மனைவி எஸ்தர். கடை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும். போன் அடித்தால், பக்கத்திலேயே புருஷன் கம்பி சுற்றிக்கொண்டிருக்க, "அவுக வெளிய போயிருக்காக" என்று சொல்லும். சண்டைக்கு வருகிறவர்களிடம், "பொண்ணு பாத்துட்டு, ஒரு வாரத்துல வந்து பேசுறேன்னு போன மனுசன், ஒரு வருசங் கழிச்சு வந்தாரு. நானே காத்துக் கெடந்தேன். நீங்க இருக்க மாட்டீகளா?" என்று கேட்கும்.

அந்த எஸ்தர் படுத்துவிட்டது. மதுரையில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். நான் பார்க்கப் போன அன்று வராந்தாவில் டாக்டர் புருஷனிடம் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். "இன்னும் ரெண்டு நாள்தாங்க. சொந்தக்காரங்களுக்குச் சொல்லிருங்க."

நம்ம 'நாலாம் நாள்' டாக்டரின் முகத்தையே பார்த்தார். பிறகு கேட்டார். "எந்த ரெண்டு நாள் டாக்டர்?"

டாக்டருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அங்கே நிற்க முடியாமல் படியிறங்கி வந்துவிட்டேன்.

கல்லறைத் தோட்டத்தில் எல்லாம் முடிந்ததும் என் பக்கத்தில் வந்து நின்றார். "ரெண்டு நாளுன்னா ரெண்டே நாள்தாண்ணே. ஒரு மணி நேரங்கூட நீளல. பாஸ்டரய்யா சொன்னதுதான் சரி." அருகில் நின்ற பாஸ்டர், வாதத்தில் ஜெயித்த அந்த மனிதர், தலையைக் குனிந்துகொண்டார்.

அதன்பிறகு கடை திறந்தது. ரெண்டு நாள் என்றால் சொன்னபடி ரெண்டாம் நாள் மோட்டார் தயாராக இருந்தது. இத்தனை வருஷம் நாங்கள் வேண்டாத சாமி இல்லை, கேட்டது கிடைத்துவிட்டது. ஒருத்தருக்கும் அது பிடிக்கவில்லை. மோட்டாரை வாங்கிக்கொண்டு இழவு வீட்டிலிருந்து கிளம்புகிற மாதிரி சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினார்கள்.

போன மாதம் என் மோட்டார் கருகியது. தக்காளி நட்டிருக்கிறேன், வெயிலோ கொளுத்துகிறது. கொண்டுபோய் இறக்கினேன்.

"நாளைக்குச் சாயங்காலம் தந்துருவேண்ணே" என்றார், நிமிராமல்.

எனக்குத் தாங்கவில்லை. "எதுக்குப்பா இம்புட்டு அவசரம்? சூரியனே நாலாம் நாள்தான வந்துச்சு" என்றேன்.

கம்பி சுற்றின கை நின்றது. "செடி காஞ்சிருமேண்ணே."

"காஞ்சா காயட்டும்."

பிளாஸ்டிக் நாற்காலி மூலையில் கிடந்தது. இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மேஜை மேல் அவர் போன் அடித்தது. அவர் எட்டுவதற்குள் நான் எடுத்துவிட்டேன்.

"அவரு வெளிய போயிருக்காரு" என்றேன்.