எந்தப் பேட்டைக்கு எத்தனை மார்க்?

“கொசுவுக்குப் பத்து மார்க் ரொம்ப அதிகம்ங்க” என்றாள் மனைவி.

“தண்ணிக்குப் பதினஞ்சு, பஸ்ஸுக்குப் பன்னிரண்டு, கொசுவுக்குப் பத்து. அதுல கை வைக்காதே” என்றார் கணக்கு வாத்தியார். “வீடு மாறினவங்க பாதிப் பேர் தலையில கை வெச்சு உட்கார்றதே கொசுவாலதான்.”

சாப்பாட்டு மேஜைமேல் ஒரு கேள்வித்தாள் தயாராகிக்கொண்டிருந்தது. இருபது கேள்விகள், நூறு மார்க், முப்பத்தைந்து எடுத்தால் பாஸ். பரீட்சை எழுதப்போவது பிள்ளைகள் அல்ல. ஊருக்கு வெளியே இருந்த மூன்று குடியிருப்புகள்.

தொடங்கி வைத்தது மனைவிதான். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் அவளுடைய தங்கை இருந்தாள். ஏழு மாதக் கர்ப்பம், இரட்டைக் குழந்தைகள். புருஷனுக்குக் கப்பலில் வேலை. அவன் அடுத்தமுறை கரையேறும்போது பிள்ளைகள் தவழ ஆரம்பித்திருக்கும்.

“ஒத்தை ஆளா என்னங்க பண்ணுவா? பேசாம அவ பக்கத்துலயே ஒரு வீடு பார்த்துப் போயிடலாமே” என்று கேட்டாள்.

இருபத்திரண்டு வருடம் விடைத்தாள் திருத்தியவருக்கு இப்படிக் கேட்டால் பிடிக்குமா? “குடியிருக்கற இடத்தைப் பாசத்தை வெச்சு முடிவு பண்ணக் கூடாது. ஒப்பிட்டுப் பார்க்கணும்” என்று சொல்லிவிட்டார். மச்சினி தன்னை முதுகுக்குப் பின்னால் ‘மார்க் அத்தான்’ என்று கூப்பிடுவது அவருக்குத் தெரியும். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று மனதார நம்பினார்.

“சரி, ‘சொந்தக்காரங்க பக்கத்துல இருக்காங்களா’ன்னு ஒரே ஒரு கேள்வி சேருங்க. ரெண்டு மார்க் போதும்.”

“அது சிலபஸ்ல இல்ல.”

மாடியில் இருந்த வீட்டுக்காரம்மா வேறு கெடு வைத்திருந்தாள். “இருக்கீங்களா, கிளம்பறீங்களான்னு அடுத்த ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள சொல்லிடுங்க சார். வேற ஆளுங்க கேட்டுட்டே இருக்காங்க.”

முதல் பரீட்சை ஏரிக்கரைக் காலனிக்கு. வாத்தியார் பூங்கா பெஞ்சில் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தார். ஏழு கடி, மூன்று மார்க் கழிந்தது. மற்றதெல்லாம் பிரமாதம். மொத்தம் எண்பத்தெட்டு.

நன்றாகப் படிக்கிற பையனை முதுகில் தட்டாமல் விட அவரால் முடியாது. நேரே குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் போய் மார்க்கைச் சொன்னார். செயலாளர் கண் கலங்கிக் கை குலுக்கினார். மறுநாளே வாசலில் பெரிய எழுத்தில் போர்டு வைத்துவிட்டார்: ‘கணக்கு ஆசிரியர் ஆய்வில் 88 மதிப்பெண்!’

திங்கட்கிழமை வாத்தியார் போன் செய்தபோது, “போர்டைப் பார்த்துட்டுப் பதினோரு பேர் வந்துட்டாங்க சார். வீடு போயிடுச்சு” என்றார்கள்.

“நீங்க வாயை வெச்சுட்டுச் சும்மா இருந்திருக்கலாம்” என்றாள் மனைவி.

“இனிமே நான் உஷார்” என்றார் அவர்.

அந்த உஷாரோடு செவ்வாய்க்கிழமை மேட்டு நகருக்குப் போனார். போட்டது எழுபத்தொன்பது. வெளியே தெரிந்தால் இந்த வீடும் போய்விடுமே என்று, கேட்டவர்களிடம் நாற்பத்தொன்று என்று சொல்லி வைத்தார்.

“நாற்பத்தொண்ணா?” என்று ஒரு ரிடையர்டு என்ஜினீயர் வழியை மறித்தார். “தண்ணிக்கு எவ்வளவு போட்டீங்க?”

“நாலு.”

“இருபத்துநாலு மணி நேரமும் தண்ணி வருது, நாலா? பேப்பரைக் காட்டுங்க. மறுமதிப்பீடு பண்ணணும்.”

காட்டினால் எழுபத்தொன்பது தெரிந்துவிடும். வாத்தியார் பேப்பரைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாக ஓடும் பஸ்ஸில் ஏறினார். அன்று மாலையே அவசரக் கூட்டம் போட்டு, அவருக்கு யாரும் வீடு தரக் கூடாது என்று தீர்மானம் நிறைவேற்றிவிட்டார்கள். சமாதானம் பேச அடுத்த நாள் காலையில் போனவரை வாட்ச்மேன் கேட்டிலேயே நிறுத்தினான்.

“உங்க போட்டோவை உள்ள ஒட்டியிருக்காங்க சார்” என்றவன், கொஞ்சம் இரக்கத்தோடு, “நல்லா விழுந்திருக்கு” என்றான்.

பாக்கி இருந்தது ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். புதன்கிழமை மாலை மனைவியோடு கிளம்பினார். கேட் மூடியிருந்தது. இருபத்தைந்து நிமிடம். பஸ்ஸுக்கான பன்னிரண்டையும் அங்கேயே அடித்தார்.

மச்சினி குழாயடியிலிருந்து வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. மனைவி ஓடிப்போய் வாளியைப் பிடுங்கிக்கொண்டாள்.

“வாங்க அத்தான். என் தெருவுக்கு எவ்வளவு?” என்று மூச்சு வாங்கச் சிரித்தாள் மச்சினி.

வாத்தியார் அந்தக் கால்களைப் பார்த்தார். பிறகு கேள்வித்தாளைப் பார்த்தார். கால் வீக்கத்துக்குக் கேள்வி இல்லை. கூட்டிப் பார்த்தால் முப்பத்துநாலு.

“ஒரே ஒரு மார்க்தானேங்க” என்றாள் மனைவி. “கருணை மார்க் போடக் கூடாதா?”

“ஒருத்தருக்குப் போட்டா எல்லாருக்கும் போடணும்.”

மனைவி வாளியைக் கீழே வைத்தாள்.

எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர் வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். “அருமையான பேப்பரா இருக்கே சார்! நான் கடையை உங்க பக்கந்தான் மாத்தறேன். வீடும் பார்க்கணும். ஒரு காப்பி கிடைக்குமா?”

வாத்தியாருக்குத் தலைகால் புரியவில்லை. கொசுக் கேள்வியின் அருமையை மட்டும் கால் மணி நேரம் விளக்கினார். அவர் மூச்சு விடுவதற்குள் மனைவி கைப்பையிலிருந்து ஒரு காப்பியை எடுத்து நீட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணி. ஒரு குடியிருப்பில் வீடு இல்லை, ஒன்றில் நுழைய முடியாது, ஒன்று ஃபெயில். கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்த வாத்தியார் சட்டென்று நின்றார்.

“நாம இருக்கற இந்தத் தெருவுக்கு மார்க்கே போடலையே!”

பேனாவை எடுத்தார். தண்ணீர், பதினைந்துக்குப் பதினைந்து. பஸ், பன்னிரண்டு. கொசு, ஒன்பதரை. கூட்டினார், ஒருமுறைக்கு இருமுறை கூட்டினார். தொண்ணூற்று மூன்று!

“இங்கயே இருந்துடலாம்! கண்ணாடியை நெத்தியில ஏத்திவிட்டுட்டு வீடு முழுக்கத் தேடியிருக்கேன் பாரு” என்று சமையலறைக்குப் போனார். மனைவி தட்டுகளைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“என்ன பண்றே?”

“தூசி தட்டி வைக்கறேன்.”

அவருக்கு மனசு கொஞ்சம் உறுத்தியது. “உன் தங்கச்சியை வாராவாரம் போய்ப் பார்த்துட்டு வரலாம். நானே கூட்டிட்டுப் போறேன்.”

“சரிங்க” என்றாள் மனைவி. “மேல போய்ச் சொல்லிட்டு வாங்க.”

நாலே முக்காலுக்கு மாடிப்படி ஏறினார்.

“நாங்க இங்கயே இருக்கறதா முடிவு பண்ணிட்டோம்மா.”

வீட்டுக்காரம்மா விழித்தாள். “வீட்டை வெள்ளிக்கிழமையே வேற ஒருத்தருக்குப் பேசி முடிச்சாச்சே சார்!”

“அது எப்படி? இன்னும் அஞ்சு மணி ஆகலையே!”

“மருந்துக்கடை வெச்சிருக்காராமே, அவர்தான். நீங்க ஸ்கூலுக்குப் போயிருந்தப்ப வந்தார். கையில இந்தப் பேப்பர்தான். அவருக்கு ரொம்பத் திருப்தி” என்று ஒரு தாளை எடுத்து நீட்டினாள்.

வாத்தியார் வாங்கிப் பார்த்தார். அவருடைய கேள்வித்தாள். இருபது கேள்விகளுக்கும் எதிரே சிவப்பு மையில் மார்க். அடியில் கூட்டுத்தொகை: தொண்ணூற்றாறு.

வீடு போனதுகூட அவருக்கு அந்த நிமிடம் உறைக்கவில்லை. “நான் அரை மார்க் விடாம திருத்தி தொண்ணூத்து மூணுதான் வந்தது!” என்று கத்தினார். “மூணு மார்க் கூட்டிப் போட்டது யாரு?”

“உங்க வீட்டம்மாதான் சார், பக்கத்துலயே நின்னு ஒவ்வொரு கேள்விக்கா போட்டுக் குடுத்தாங்க, அவர் காலி பண்ற வீட்டுச் சாவியைக் கூட அன்னிக்கே வாங்கிட்டாங்களே, உங்ககிட்ட சொல்லலையா?”