குமிழி பிடிப்பவர்

பாம்பு பிடிப்பவரைத் தெரியும், பேய் பிடித்தவரையும் தெரியும். குமிழி பிடிப்பவரைப் பார்த்திருக்கிறீர்களா? மண் ஆய்வுக்கூடத்துக்குப் போனால் பார்க்கலாம். மூச்சை அடக்கிக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். கதவைச் சத்தமில்லாமல் திறங்கள்.

மண் எவ்வளவு தண்ணீரைப் பிடித்து வைக்கும், எவ்வளவு வேகமாகக் கீழே விடும் என்று அளப்பது அவர் வேலை. உருளைக்குள் மண்ணை அடைத்து, மேலிருந்து ஊற்றினால் காற்று உள்ளே சிக்கிக்கொள்ளும் என்று அடியிலிருந்து மெல்ல மெல்ல ஊறவிட்டு, தண்ணீரையும் காய்ச்சி ஆறவைத்து, குழாயை மாட்டி, ஸ்டாப்வாட்சும் கையுமாகக் குனிந்து, நீர்மட்டம் இறங்குகிற அந்தப் பொன்னான நேரத்தில், குழாயின் வளைவில் கடுகளவு ஒரு குமிழி! அது தண்ணீரின் வழியை அடைத்தால் அளவே தப்பு.

"போச்சு! எல்லாம் போச்சு!"

பழைய குருடி கதவைத் திறடி.

வீட்டிலும் இதே கூத்துதான். மனைவி தண்ணீர் கொடுத்தால் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, விரலால் சுண்டுவார்.

"ஏங்க, அது குடிக்கிற தண்ணிங்க."

"இரு, காத்து வெளிய போகட்டும்."

பூச்செடிக்கும் மேலே ஊற்றக் கூடாது. தொட்டியோடு வாளிக்குள் இறக்கி அடியிலிருந்து ஊறவிட வேண்டும். செடி அழுகிப்போனது. மண் நன்றாக ஊறியிருந்ததாம், அதில் அவருக்குப் பரம திருப்தி.

எனக்கு அவரைப் பிடிக்கும், அதுதான் சங்கடம். புதிதாகக் குளம் வெட்டி, அதன் மண்ணை இவரிடம் சோதனைக்குக் கொடுத்திருக்கும் எஞ்சினியருக்கோ அவரைக் கண்டாலே அழுகை வருகிறது.

"மழை வரப்போகுது சார். அடியில களிமண் போடணுமா, வேணாமா? ஒரே வார்த்தை சொல்லுங்க. குளத்துல தண்ணி நிக்கலேன்னா என் வேலையும் நிக்காது."

"குமிழி வந்துடுச்சே தம்பி."

"வந்தா என்ன சார், கொஞ்சம் கூடக்குறைய இருக்கும், அவ்வளவுதானே?"

கேட்டிருக்கக் கூடாது. குமிழியார் ஒரு பச்சைக் கொலைகாரனைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்துவிட்டு, உருளையைக் கழற்றி மண்ணைத் தட்டிக் கொட்டினார். முதலிலிருந்து!

வானம் கறுத்தது. எஞ்சினியர் இருக்கிற தெய்வங்களையெல்லாம் கும்பிட்டுக்கொண்டு, தன் பொறுப்பிலேயே களிமண்ணை லாரி லாரியாகக் கொட்டி மிதிக்கவிட்டார். அடித்தது பாருங்கள் மழை! ஊரே நனைந்தது. மழை விட்டும் குளம் ஒரு சாண்கூட இறங்கவில்லை. அடுத்த மழையில் குடையோடு கரையில் நின்றபடி போன் போட்டார்.

"சார்! நிக்குது சார்! தண்ணி நிக்குது!"

"அப்படியா? மேல குமிழி ஏதாவது தெரியுதா?"

"துளி விழுற இடமெல்லாம் குமிழிதான் சார்!"

மறுமுனையில் ஒரு பெருமூச்சு.

"அப்ப நம்ப முடியாது தம்பி. வடிச்சிட்டு மறுபடியும் நிரப்புங்க."

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் உங்களிடமும் யாரோ ஒருவர் ஒரே வார்த்தைப் பதில் கேட்டுக் காத்திருக்கிறாரே, "இதைப் படிச்சு முடிச்சிட்டு சொல்றேன்" என்று அனுப்பி வைத்தீர்களே? முடிந்துவிட்டது. தயவுசெய்து, மறுபடியும் முதல் வரிக்குப் போய்விடாதீர்கள்.