கடைசிப் பழுப்பு வயல்

மனித குலத்தின் பசியைத் தீர்த்தவர்கள் இருவர். ஒருவர், குட்டை நெல். மற்றவர், அதை ஊர் ஊராக விளக்கிச் சொன்ன வேளாண் அலுவலராகிய நான்.

எங்கள் அலுவலகச் சுவரில் வட்டார வரைபடம் தொங்கும். புது ரகத்துக்கு மாறிய வயலுக்குப் பச்சை பூசுவோம். பழைய நெட்டை நெல்லுக்குப் பழுப்பு. ஆய்வுக் கூட்டத்தில் பெரியவர், அதாவது எங்கள் மேலதிகாரி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்:

"பச்சைக்கு நடுவுல அது என்னய்யா, ஈ உட்கார்ந்த மாதிரி?"

"கடைசிப் பழுப்பு வயல் சார்."

"யாரோடது?"

"என் மச்சானோடது. சம்சாரத்தோட அண்ணன்."

"சொந்த வீட்டுலயே எதிர்க்கட்சியா? அது பச்சையானாத்தான் உனக்குப் பதவி உயர்வு."

வரலாறு என்னை அழைத்தது. குடையோடு போனேன்.

வரப்பில் நின்ற மச்சானுக்கு, குடையை விரித்து விரல் நுனியில் நிறுத்திக் காட்டினேன். "இதுதான் நெட்டை நெல். உரம் போட்டா கதிர் கனக்கும். நீளத் தண்டு தாங்காது. காத்தடிச்சா சாஞ்சிடும்."

குடை சேற்றில் விழுந்தது. அறிவியல் நிரூபணமானது.

"குட்டைத் தண்டு சாயாது மச்சான். உயரத்துக்குச் செலவாகிற சத்தும் மணிக்கே போகும்."

"தெரியும் மாப்ள. மத்த வயல்ல அதுதானே போட்டிருக்கேன். மூட்டை மூட்டையா விளையுது, குறை சொல்லல. ஆனா வைக்கோலும் குட்டையாயிடுச்சே, மாடு என்ன பண்ணும்?"

"குட்டை மாடா வாங்குங்க."

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. மறுநாளே 'குட்டைப் பயிருக்கேற்ற குட்டைக் கால்நடை' என்று மேலிடத்துக்குக் கருத்துரு அனுப்பினேன்.

"இந்த ஒரு துண்டு கெடக்கட்டும் மாப்ள. இதுல விளையறது எங்க போகுதுன்னு தங்கச்சியக் கேளுங்க."

"நாட்டு நலன் பேசுறப்போ குடும்பத்தை இழுக்காதீங்க."

மச்சான் சேற்றில் கிடந்த குடையை எடுத்து என்னிடம் நீட்டினார். "சரி. விதைக்கு வெச்சிருக்கிறதையும் குத்தித் தின்னுடறோம். அப்புறம் கேட்டா கிடைக்காது."

"கேட்க மாட்டோம்" என்று அரசின் சார்பில் உறுதியளித்தேன்.

வரைபடம் முழுப் பச்சையானது. 'முழு வெற்றி விழா'வில் கைதட்டல் ஓயவில்லை. பதவி உயர்ந்தது.

அறுவடை முடிந்து ஒரு மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தேன். ஆறிப்போன சோறு ஒரே கட்டியாக எழுந்து வந்தது. நன்றாகத்தான் நின்றது, சாயவே இல்லை. வீட்டுக்குப் போன் போட்டேன்.

"என்ன அரிசி இது?"

"நீங்க பச்சை பூசினது" என்றாள் மனைவி. "அண்ணன் அந்தத் துண்டை நமக்காகத்தான் வெச்சிருந்தாரு. உங்க பெரியவர் வீட்டம்மாவும் அதைத்தான் கேட்டு வாங்குவாங்க."

அரிசி எங்கிருந்து வருகிறது என்பதை அலுவலகத்தில் மட்டுமே கேட்கும் வழக்கம் எனக்கு.

போனை வைப்பதற்குள் பெரியவர் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் அவருடைய டிபன் பாக்ஸ். சோற்றில் கரண்டி குத்திட்டு நின்றது.

"ஏன்யா, எங்கேயாவது கொஞ்சம் பழுப்பு மிச்சமிருக்கா?"

மச்சானிடம் ஓடினேன்.

"விதை ஏது மாப்ள? நாங்க எப்பவோ இந்தச் சோத்துக்குப் பழகிட்டோம். நீங்களும் சோத்துக்கு முன்னாடி குடையைப் பிடிச்சு நல்லா விளக்குங்க. நீங்க சொன்னா கேட்டுக்கும்."

திரும்பி வந்து வரைபடத்தைப் பார்த்தேன். இந்த வட்டாரத்தில் புது நெல்லைக் கடைசிவரை ஏற்காதவை இரண்டே வீடுகள். ஒன்றில் பெரியவர் இருக்கிறார். மற்றதின் வாசலில் என் பெயர்ப்பலகை தொங்குகிறது, புதுப் பதவியோடு.