சலவைக் கடை ஜனாதிபதி

மன்னிப்பு கேட்பவர்களைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. யாரும் கேட்காமலேயே மன்னித்துவிடுகிற இனம் ஒன்று உண்டு. அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. திறந்தால் அதற்கும் மன்னித்துவிடுவார்களோ என்கிற பயம்தான். பஸ்ஸில் உங்கள் காலை நன்றாக மிதித்துவிட்டு, நீங்கள் 'ஸ்' என்றதும் "பரவாயில்ல, பரவாயில்ல" என்று உங்களுக்கே ஆறுதல் சொல்கிறாரே, அவர் அந்த இனம்தான். பார்த்திருப்பீர்கள்.

அவர்களில் ஒருவர் சலவைக் கடை வைத்திருக்கிறார். குற்றவாளி ஒருவருக்கு ஜனாதிபதி மன்னிப்பு வழங்கிய செய்தியைப் பேப்பரில் படித்த நாள் முதல் அவருக்குத் தலைகால் புரியவில்லை. கோர்ட்டு வருஷக்கணக்கில் விசாரித்து எழுதியதை ஒரே கையெழுத்தில் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடலாமாமே, அடடா என்ன அதிகாரம் என்று, துணி போட வந்தவர், துணி வாங்க வந்தவர், விலாசம் கேட்க வந்தவர் என ஒருவரையும் விடாமல் கவுண்ட்டரில் நிறுத்திவைத்து விளக்கினார். கடையிலும் அதே ஆட்சிதான். தாமதமாக வந்த வேலைக்காரருக்கு மன்னிப்பு. சட்டையில் பொத்தானைக் காணோம் என்று சத்தம் போட்ட வாடிக்கையாளருக்கு, சத்தம் போட்டதற்காக மன்னிப்பு. பொத்தான் என்ன ஆயிற்று என்று மட்டும் கேட்காதீர்கள். அக்கம்பக்கத்தில் 'ஜனாதிபதி' என்று பட்டப்பெயர் விழுந்தது. கழுத்தில் துண்டும் முகத்தில் வியர்வையுமாக, நீராவியில் வெந்துகொண்டே ஆட்சி நடத்தும் தன் கோலத்தைக் கண்ணாடியில் பார்த்து அவரே சிரித்துக்கொள்வதும் உண்டு.

வினை மகளின் கறுப்புக் கோட்டில் வந்து சேர்ந்தது. புதிதாக வக்கீலான அவள், முதல் தடவையாகத் தனியாக ஒரு வழக்கில் வாதாடப் போகிறாள். "வேற யார்கிட்டயும் குடுக்காதீங்கப்பா, நீங்களே தேச்சுக் குடுங்க" என்று கொடுத்திருந்தாள். அவரேதான் தேய்த்தார். அந்த நேரம் பார்த்து ஒரு வாடிக்கையாளர், "ஏங்க, ஜனாதிபதி தன்னத் தானே மன்னிச்சுக்கலாமா?" என்று கேட்டுத் தொலைத்தார். இப்படிப்பட்ட கேள்விக்கு இஸ்திரிப் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டா பதில் சொல்ல முடியும்? இரண்டு கையும் வேண்டாமா? பெட்டியைக் கோட்டின் முதுகிலேயே வைத்துவிட்டு வாதத்தில் இறங்கினார். புகை வந்துதான் அதை முடித்துவைத்தது.

மகள் கோட்டைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். ஒரு வார்த்தை வருமா என்று கொஞ்ச நேரம் நின்றாள். அவரோ இந்தக் காலத்துத் துணியில் நடக்கும் கலப்படத்தைப் பற்றிப் பேசினார். அவள் உள்ளே போய்க் கதவைப் படாரென்று சாத்திக்கொண்டாள். மறுநாள் சீனியரிடம் இரவல் வாங்கிய கோட்டில், கை விரல் நுனிவரை தொங்க, கோர்ட்டுக்குப் போனாள். அன்றோடு அப்பாவிடம் பேச்சு நின்றது. இது அவருக்கு ரொம்பவே வலித்தது. கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்தால், "இன்னிக்கு யார் யாருக்கு விடுதலை?" என்று கேட்டுச் சிரிக்க அவளை விட்டால் அவருக்கு வேறு ஆள் கிடையாது.

என்ன செய்வார்? தெரிந்த அதிகாரத்தையே கையில் எடுத்தார். மனைவியைக் கூப்பிட்டு, "கதவ அறைஞ்சு சாத்தினதுக்கு அவள மன்னிச்சுட்டேன்னு போய்ச் சொல்லு" என்றார்.

"நீங்களே போய்ச் சொல்லுங்க. எனக்கு வேற வேலை இருக்கு."

போய்ச் சொன்னார். மகள் சட்டப் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"கோர்ட்டு குடுக்கிற தண்டனையத்தான்ப்பா ஜனாதிபதி ரத்து பண்ணலாம். ஒருத்தர் இன்னொருத்தருக்குப் பண்ணின கெடுதல, பட்டவங்கதான் மன்னிக்கணும். அது அவர் கையில இல்ல."

"அப்ப யார் கையில?"

"இங்க, என் கையில. மனு வந்தா பாக்கலாம்."

பேசிவிட்டாள். குரலில் கோபம்கூடப் பாதிதான் இருந்தது. கதவு திறந்தே இருக்கிறது, நுழைய ஒரே ஒரு சொல் போதும் என்று அவருக்கும் புரிந்தது. ஊரையே மன்னித்த அந்த வாய்க்கு அந்த ஒரு சொல் வரவில்லை. தொண்டையைச் செருமினார். துண்டால் நெற்றியைத் துடைத்தார். 'அட மடையா, சொல்லித் தொலையேன், கிரீடமா இறங்கிவிடப் போகிறது' என்று தன்னையே திட்டிக்கொண்டார். கடைசியில் சொன்னார்:

"என்னமோ நடந்துபோச்சும்மா. அந்த இஸ்திரிப் பெட்டி ரொம்பப் பழசு. பாவம், அதையும் மன்னிச்சுட்டேன்."

சிரித்துவிடுவாள் என்று காத்திருந்தார். அவள் ஒரு பக்கத்தைப் புரட்டினாள். பிறகு இன்னொரு பக்கத்தை. அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

நீங்கள் இந்த இனம் இல்லை, எனக்குத் தெரியும். போன வாரம் வீட்டில் யாரிடமோ, "சரி விடு, போனது போகட்டும்" என்று பெருந்தன்மையாகச் சொன்னீர்களே, அது வேறு சங்கதி. அதில் தப்பு யாருடையது என்று நான் கிளறப் போவதில்லை. இவ்வளவு தூரம் சீண்டியதில் என் மேல் உங்களுக்குக் கொஞ்சம் கோபம் வந்திருக்கும். பெரிய மனது பண்ணி இந்நேரம் என்னை மன்னித்தும் இருப்பீர்கள். ஆனால் நான் உங்களிடம் மன்னிப்பு கேட்கவே இல்லையே. என்ன செய்ய, எனக்கும் அந்தச் சொல் வராது.