இரண்டு விரல் வலது பக்கம்

துப்பாக்கி வைத்திருப்பவனுக்கெல்லாம் சுடத் தெரியும் என்று ஜனங்கள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையில்தான் நான் மூன்று வருடம் சோறு தின்றேன்.

எட்டாம் வகுப்பில் கணக்கு என்னைக் கைவிட்டது. (நான்தான் அதைக் கைவிட்டேன் என்று வீட்டில் சொல்வார்கள்.) அதன்பிறகு திருப்பூரில் பனியன் மடித்தேன், லாரியில் கிளீனராக ஓடினேன், படுக்க இடம் கிடைக்காத நாட்களில் கடலூர் பஸ் ஸ்டாண்டில் தூங்கினேன். கடைசியாக ஒட்டிக்கொண்டது பலூன் சுடும் கடை. மஞ்சக்குப்பம் மைதானத்தில் பொருட்காட்சி என்றால் அங்கே, எங்காவது திருவிழா என்றால் அங்கே.

அந்தக் கடையின் ரகசியத்தை இப்போது சொல்லலாம். ஏர் கன்னின் குறிமுள்ளை லேசாக வளைத்து வைத்திருப்போம். பலூனுக்கு நேராகக் குறி வைத்தால் ரவை இடது பக்கம் போய்விடும். இரண்டு விரல் வலது பக்கம் தள்ளி வைத்தால் பலூன் உடையும். அது தெரிந்த நான் ஒன்றுகூடத் தவறாமல் சுடுவேன். ஊரே வாயைப் பிளக்கும். மூன்றாவது வருடத்தில் நானும் என்னைப் பெரிய சூரன் என்று நம்பத் தொடங்கியிருந்தேன்.

கடையை மூடிவிட்டு முதலாளி வடக்கே போனார். சம்பளப் பாக்கிக்கு அவர் கொடுத்த அந்தத் துப்பாக்கியோடு குமராட்சி பக்கம் இருந்த அக்கா வீட்டுக்குப் போனேன். ஒரே அறை உள்ள வீடு. இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்த அக்கா புருஷன் ஒரு காலையில் பேச்சை எடுத்தார்.

"டேய் செல்வம், ஜமால் பாய் மோட்டார் கொட்டாய்க்குக் காவலாள் தேடறாரு. அங்கியே தங்கிக்கலாம். வயல்ல எலி ஜாஸ்தியாயிடுச்சாம். அத ஒழிச்சுக் காட்டுனா வேல ஒனக்குதான்."

"காட்டலன்னா மாமா?"

"மழைக்கு முன்னாடி வேற ஊரு பாத்துக்க."

எலிதானே, பலூனைவிடப் பெரிசு என்று நினைத்துக்கொண்டேன்.

ஜமால் பாய் சவூதியில் இருபது வருடம் கட்டட மேஸ்திரியாக இருந்தவர். ஹெல்மெட் போடாதவனை ஏணியில் ஏற விடமாட்டார். கதிர் வரும் நேரத்தில் எலி தண்டை அறுத்துத் தள்ளுகிறதே என்று வயிறு எரிந்தாலும் விஷம் வைக்க மறுத்துவிட்டார். நாய் தின்னும், மயில் தின்னும் என்பார். என் துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என் வயல்ல சுட நான் சம்மதிக்கறேன். ஆனா வரப்பு எனக்கு மட்டும் சொந்தமில்ல. சுத்தி இருக்குற நாலு பேரையும் கேட்டுட்டு வா. ரவை வரப்பு மண்ணுலதான் எறங்கணும். உன் முன்னாடி ஒரு ஆளு, ஒரு மாடு நிக்கக் கூடாது. புரியுதா?"

புரிந்தது. நான்கு வீட்டுக்கும் நடந்தேன். நான்கு பேரும் சம்மதித்தார்கள். கூடவே "எத்தன மணிக்கு?" என்றும் கேட்டார்கள். வயலின் நான்கு மூலையிலும் சிவப்புக் கொடி நட்டேன். (அக்காவின் பழைய புடவை என்று நினைத்துக் கிழித்தேன். பழையது அல்ல என்பது பிறகு தெரிந்தது.)

மாலை ஐந்து மணிக்குப் போனால் எனக்குப் பின்னால் நாற்பது பேர். அனுமதி கொடுத்தவர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். பக்கத்து வயல்காரர் கலியமூர்த்தி பிளாஸ்டிக் நாற்காலியே கொண்டு வந்திருந்தார். பாய் எல்லோரையும் கயிறு கட்டி எனக்குப் பின்னால் நிறுத்தினார். அவர் மட்டும் என் பக்கத்தில் நின்றார்.

அறுபது அடி தள்ளி வரப்பில் எலி வளைகள். வளைகளுக்குச் சற்று இடது பக்கமாக, கலியமூர்த்தி தன் வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் நீல ஓஸ் தட்டையாகக் கிடந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, நம் கைக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா என்று விட்டுவிட்டேன்.

குப்புறப் படுத்தேன். அரை மணி நேரம் கழித்து ஒரு எலி தலையை நீட்டியது. வழக்கம்போல இரண்டு விரல் வலது பக்கம் குறி வைத்தேன். அந்த நேரம் பார்த்து பின்னால் யாரோ சொன்னார்கள்: "மும்முனை கரண்ட் வந்துடுச்சு, மோட்டார் ஓடுது."

தட்டையாகக் கிடந்த ஓஸ் மலைப்பாம்புபோல உப்பி எழுந்தது. நான் விசையை அழுத்தினேன்.

எலி அப்படியே இருந்தது. ஓஸ் முழ நீளத்துக்குக் கிழிந்தது. தண்ணீர் தென்னை உயரம் எழும்பி, பிறகு நேராக வளைகளுக்குள் பாய்ந்தது.

"யோவ், என் ஓஸு" என்றார் கலியமூர்த்தி, நாற்காலியை விட்டு எழாமல்.

வரப்பு முழுக்க ஒரே குடும்பம் போலிருக்கிறது. அத்தனை வளைகளிலிருந்தும் எலிகள் புறப்பட்டு வந்தன. கயிறு அறுந்தது. நாற்பது பேரும் கம்பு, செருப்பு, டிபன் கேரியர் என்று கையில் கிடைத்ததோடு இறங்கிவிட்டார்கள். துப்பாக்கிக்கு வேலையே இல்லை. தப்பிய எலிகளில் ஒன்று, ஒதுங்க இடம் தேடி ஜமால் பாயின் கைலிக்குள் ஏறியது.

ஊரில் யாரும் அவர் வேகமாக நடந்துகூடப் பார்த்ததில்லை. அன்று அவர் வரப்பைத் தாண்டினார், கலியமூர்த்தியைத் தாண்டினார், நாற்காலியையும் தாண்டிச் சேற்றில் போய் உட்கார்ந்தார். எலி அங்கிருந்து நிதானமாக வெளியேறியது.

வேறு ஊர் பார்க்க வேண்டியதுதான் என்று நான் துப்பாக்கியை உறையில் போட்டேன். பாய் சேற்றிலிருந்தே என்னைக் கூப்பிட்டார்.

"பலூன் கடையில எத்தன அடி தூரம்?"

"பதினஞ்சு அடி பாய்."

"அதுக்கு எத்தன விரல் தள்ளுவ?"

நான் ரகசியத்தைச் சொல்லவே இல்லை. குறிமுள்ளைப் பார்த்தே கண்டுபிடித்திருக்கிறார், மேஸ்திரி.

"ரெண்டு விரல்."

"அப்போ அறுபது அடிக்கு?"

விரல் விட்டு எண்ணினேன். ஒரு கை போதவில்லை.

"எட்டு, பாய்."

"எட்டாவதுல பெயிலாக்குனது சரிதான்டா" என்றார். கைலியை உதறினார். செத்துக் கிடந்த எலிகளைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்ட நாற்பது பேரையும் பார்த்தார். "எலி போச்சு, அதுக்கு வேல. என் மானம் போச்சு, அதுக்கு அந்தத் துப்பாக்கியக் குடு."

அந்த மோட்டார் கொட்டகையில்தான் இன்றும் இருக்கிறேன். என் வாழ்க்கையில் ஒரே இடத்தில் இத்தனை மழைக்காலம் நனையாமல் இருந்ததில்லை. துப்பாக்கி பாய் வீட்டுப் பரண்மேல் இருக்கிறது. என் கல்யாணத்தில் மொய் எழுத வந்தவர்கள் கையில் வைத்திருந்தது பலூன். அக்கா வீட்டுக் குழாயில் தண்ணீர் வராத நாளில் மாமா எனக்குப் போன் செய்வார். நலமா என்றெல்லாம் கேட்கமாட்டார்.

"செல்வம், வந்து ஒரு தடவ சுட்டுட்டுப் போடா. அக்கா கொடத்தோட நிக்கறா."