முப்பத்தொரு பொட்டு

“துடைக்கக் கூடாதுன்னா, ஈரத்துணியாலயா, காய்ஞ்ச துணியாலயா?”

பூச்சி மருந்துக்காரர் கையில் சிரிஞ்சோடு திரும்பிப் பார்த்தார். அவர் தொழிலில் இப்படி ஒரு கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

“எந்தத் துணியாலயும் கூடாதும்மா. பதினஞ்சு நாள். ஒரு பொட்டு அழிஞ்சாலும் மொதல்லேர்ந்து எண்ணணும்.”

அடுப்புக்குப் பின்னால், பாத்திரத் தொட்டிக்கு அடியில், அலமாரிக் கதவுகளின் கீல்களில் என்று மிளகு அளவுக்குப் பழுப்புப் பொட்டுகள் வைத்திருந்தார். அவர் வைக்க வைக்க அவள் எண்ணிக்கொண்டே வந்தாள். முப்பத்தொன்று.

“சோப்புத் தண்ணி?”

“கூடாது.”

“பினாயில்?”

“வாசனை பட்டாலே கரப்பான் கிட்ட வராதும்மா. பினாயில் இருக்கற மேல்தட்டைத் தொறக்கவே வேணாம்.” சொல்லிவிட்டு அவர் அவளுடைய கணவரை ஒரு தரம் பார்த்தார். கணவர் ஜன்னலைப் பார்த்தார்.

எல்லாம் இந்த மனிதரால் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பல் தேய்த்தபடியே வந்து, “சமையல்கட்டுல ஒரு கரப்பான் பார்த்தேன்” என்றார். அவளுக்குக் கன்னத்தில் அறை விழுந்த மாதிரி இருந்தது. இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் அந்தச் சமையலறையில் ஒரு கரப்பானின் மீசையைக்கூட அவள் பார்த்ததில்லை.

கடலிலிருந்து நாலு தெரு தள்ளி இருந்த பழைய வீடு அது. உப்புக்காற்று கீலைத் தின்னும். ஈரம் சுவரைத் தின்னும். காலையில் துடைத்த அலமாரி மாலையில் பிசுபிசுக்கும். அவள் மறுபடி துடைப்பாள். துடைக்கும்போது மட்டும் மனசு சத்தம் போடாமல் இருக்கும் என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. மனிதர்களிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் அந்தத் துணியிடம் சொல்லி, பிழிந்து, காயப்போட்டுவிடுவாள்.

வலது தோள் ஒரு வருடமாக முனகிக்கொண்டிருந்தது. எலும்பு ஆஸ்பத்திரியில் கைகால்களுக்குப் பயிற்சி கொடுக்கும் நாத்தனார், “ரெண்டு வாரம் அந்தத் துணியைக் கீழ வைங்க அண்ணி” என்று போனில் கெஞ்சிப் பார்த்தாள். “கீழ வச்சா மேல யாரு துடைப்பா?” என்று கேட்டு இவள் அவள் வாயை அடைத்துவிட்டாள்.

அந்த நாத்தனார்தான் பொட்டு வைத்ததிலிருந்து இருபதாம் நாள் வருகிறாள். அவளிடம் ஒரு விரல் உண்டு. பேச்சு அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்போதே அந்த ஆள்காட்டி விரல் அலமாரி மேல் ஒரு கோடு இழுக்கும். பிறகு அவள் விரலைப் பார்ப்பாள். கல்யாணமான முதல் வாரத்தில் அது கறுப்பாக எழுந்ததை இவள் இன்னும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு தடவைகூட அது அழுக்காக எழுந்ததில்லை.

பதினைந்து நாள் போனாலும் நாலு நாள் மிச்சம் இருக்கிறது. தேய்த்துக் கழுவி எடுத்துவிடலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் பால் பொங்கியது. மனசு வேண்டாம் என்றது. கை கேட்கவில்லை. அடுப்பு பளிச்சென்று ஆனது. பின்னால் இருந்த இரண்டு பொட்டுகளும் போயே போயின.

பூச்சி மருந்துக்காரர் வந்து, தலையை ஆட்டி, புதுசாக இரண்டு வைத்தார். “இன்னிக்குத்தான் ஒண்ணாம் நாள்.”

இனி கை தவறக் கூடாது என்று ஆறாம் நாள் ஒவ்வொரு பொட்டைச் சுற்றியும் சாக்பீஸால் வட்டம் போட்டாள். பக்கத்தில் எண்ணும் எழுதினாள். வேலை முடிந்து வந்த கணவர் வாசற்படியிலேயே நின்றார்.

“கொலை நடந்த எடம் மாதிரி இருக்கே. போலீஸ் வந்துட்டுப் போயாச்சா?”

“கிண்டல் பண்ணாம அவருக்குப் போன் போடுங்க. வட்டம் போடலாமான்னு கேளுங்க.”

“போட்டுட்டுக் கேக்கற ஆளு நீ ஒருத்திதான்.”

போடக் கூடாதாம். சாக்பீஸ் தூள் பட்டால் கரப்பான் வராதாம். மறுபடியும் ஒன்றாம் நாள். இனி இருபத்தோராம் நாள்தான் துணியைத் தொடலாம். விரலோ இருபதாம் நாளே வந்துவிடும்.

வேறு வழியில்லாமல் நாத்தனாருக்குப் போன் செய்தாள். “எங்க தெருவைக் குழாய்க்காகத் தோண்டிப் போட்டிருக்காங்க. தண்ணியே வரல. ஒரு வாரம் கழிச்சு வாயேன்.”

“ஐயோ அண்ணி, தண்ணி இல்லாம நீங்க தனியா என்ன பண்ணுவீங்க? நான் ரெண்டு நாள் முன்னாடியே வந்துடறேன்.”

கணவர், வீட்டிலிருந்த துடைக்கிற துணிகளையெல்லாம் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். ஒன்பதாம் நாள் அவள் பார்வை அவருடைய காலுறைமேல் விழுந்தது. அன்றிலிருந்து அதையும் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினார். “பாத்திரத்தையும் நானே கழுவறேன். நீ கழுவினா பொட்டு மேல தெறிக்கும்” என்றார்.

பத்தாம் நாள் எறும்புகள் வந்தன.

“மருந்துதானே, தின்னா செத்துடும்மா” என்றார் பூச்சி மருந்துக்காரர் போனில்.

“எங்க சாவுது? வரும்போது இருந்ததைவிடப் பருத்துப் போகுது.”

அந்தப் பக்கம் ஒரு இருமல் கேட்டது. “மொதல்ல அப்படித்தாம்மா இருக்கும்.”

செய்ய ஒன்றுமில்லாத கை மடியில் கிடந்தது. முதலில் பயமாகத்தான் இருந்தது. துணி இல்லாவிட்டால் உள்ளே இருப்பதையெல்லாம் யாரிடம் சொல்வது? பன்னிரண்டாம் நாள், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த கணவரிடமே கொஞ்சம் சொல்லிப் பார்த்தாள். துணியைவிட அவர் ஒன்றும் மோசமில்லை. சில இடங்களில் ‘உம்’ கூடக் கொட்டினார். ஒரு இடத்தில் தண்ணீரை நிறுத்திவிட்டு, “இதை ஏன் இத்தனை வருஷமா சொல்லல?” என்று கேட்டார்.

அதற்குப் பிறகு சாயங்காலங்களில் ஜன்னலோரம் உட்காரத் தொடங்கினாள். வெயில் சாய்ந்து அலமாரியில் ஏறும்போது தூசி மெல்லிய பஞ்சாக மின்னியது. இத்தனை நாள் தான் விரட்டியது இதைத்தானா என்று பார்த்துக்கொண்டே, டீயை ஆறுவதற்குள் குடித்து முடித்தாள். அந்தச் சமையலறையில் அவள் குடித்த முதல் சூடான டீ அதுவாகத்தான் இருக்கும்.

ஆனால் பதினெட்டாம் நாள் காலையில் வாசல் மணி அடித்தது. நாத்தனார் செருப்பைக் கழற்றுவதற்குள் ஓடிவந்து, சமையலறைக்குள் போகும் வழியை அடைத்துக்கொண்டு நின்றாள்.

“களைச்சுப்போய் வந்திருப்ப. ஹால்லயே உக்காரு, டீ கொண்டுவரேன்.”

“தள்ளுங்க அண்ணி.”

விரல் போனது. அலமாரி மேல் நீளமாக ஒரு கோடு இழுத்தது. சாம்பல் நிறத்தில் எழுந்தது. நாத்தனார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இவளுக்கு இருபத்தாறு வருடமும் ஒரு நொடியில் கரைந்துபோன மாதிரி இருந்தது.

நாத்தனாரோ திருப்தியாகத் தலையாட்டினாள். விரலைக் கைக்குட்டையில் துடைத்தாள். பிறகு அதே விரலால் கீலில் இருந்த பதினேழாம் நம்பர் பொட்டை வழித்தெடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

“ஐயையோ, விஷம்டி அது! துப்பு, துப்பு!” இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி அவள் அலறினாள்.

நாத்தனார் நிதானமாகச் சப்பி முடித்தாள்.

“வெறும் சாக்லேட்தான் அண்ணி, அண்ணன் வாங்கிக் கொடுத்தது. அந்த வலது கையை அப்படியே வச்சிருங்க, எவ்வளவு தூரம் மேல போகுதுன்னு பாத்துக்கறேன்.”